சென்னிமலைக்கு அனுப்பவும்

அருள்புரம்,
9.7.2007

ஐயா,

என் பெயர் பூவாத்தாள். திருப்பூர் பக்கம் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்கிறேன். உங்களை எனக்குத் தெரியாது. தபால்காரர் கொண்டுவந்த ஒரு பொட்டலத்தின் மூலையில் உங்கள் பெயரும் தூத்துக்குடி விலாசமும் இருந்தன. அதைப் பார்த்து எழுதி வைத்துக்கொண்டு இந்தக் கடிதம் போடுகிறேன்.

பொட்டலம் என் வீட்டுக்காரர் மயில்சாமி பெயருக்கு வந்திருக்கிறது. கையில் வாங்கிப் பார்த்தேன், நல்ல கனம். ஒட்டியிருக்கிற தபால்தலை எடைக்குப் போதவில்லையாம். "கொறஞ்சதுக்கு ரெண்டு பங்கு கட்டுனாத்தான் குடுக்க முடியுமுங்க" என்றார் தபால்காரர் கந்தவேல். உள்ளே என்ன என்று கேட்டேன். "இன்டர்நெட்டுல வாங்குனதாட்ட இருக்குதுங்க. ஏதோ வெப்சைட் பேரு போட்ருக்குது" என்றார்.

நான் வாங்கவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஏனென்றால் என் வீட்டுக்காரர் ஏப்ரல் மாதத்திலிருந்து வீட்டில் இல்லை. எங்கே இருக்கிறார் என்று எனக்கோ என் மகளுக்கோ தெரியாது. பழைய போன் நம்பரும் வேலை செய்யவில்லை. லூதியானாவில் பார்த்ததாக ஒருவர் சொன்னார், பம்பாய் என்று ஒருவர் சொன்னார். ஊரிலேயே இல்லாதவர் பெயருக்கு எப்படிப் பொருள் வரும்? எங்கள் லைன் வீட்டில் ஒரு பெண்ணுக்குப் பரிசு விழுந்தது என்று இப்படித்தான் ஒரு பார்சல் வந்தது. பணம் கட்டிப் பிரித்தால் உள்ளே உடைந்த ஓடு.

நீங்கள் அந்த மாதிரி ஆள் என்றால் இதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் இதை வாங்கியது யார், எப்போது என்று மட்டும் எழுதுங்கள். பொட்டலம் ஒரு வாரம்தான் தபால் ஆபீசில் இருக்குமாம். அப்புறம் உங்களுக்கே திரும்பி வந்துவிடும் என்கிறார்கள்.

இப்படிக்கு,
பூவாத்தாள்


தூத்துக்குடி,
12.7.2007

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நான் ஓடு விற்கிறவன் இல்லை. இந்த ஊரில் முப்பது வருடத்துக்கு மேல் தையல் கடை வைத்திருந்தவன். அந்தோணிராஜ் என்று துறைமுகப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கண்ணில் புரை விழுந்த பிறகு கடையை மூடிவிட்டேன். கடைச் சாமான்களை ஒவ்வொன்றாக இன்டர்நெட்டில் ஏலம் விடுகிற இடத்தில் போட்டு விற்கிறேன். துபாயில் இருக்கிற மகள் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தாள். எனக்குக் காது சுத்தமாகக் கேட்காது. போனில் யாரோடும் பேச முடியாது. கம்ப்யூட்டரில் எழுதினால் எதிரில் இருப்பவருக்கு நான் செவிடன் என்று தெரியாது. அது எனக்குப் பெரிய வசதி.

தபால்தலை விஷயம் என் தவறுதான். வீட்டுத் தராசில் எடை பார்த்து, கையிருப்பில் இருந்த தபால்தலைகளை ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டேன். தராசுக்கு என் வயது. மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் கட்டவேண்டியதற்குச் சமமாகத் தபால்தலைகள் இந்த உறையில் வைத்திருக்கிறேன்.

பொருளை வாங்கியவர் உங்கள் வீட்டுக்காரர் மயில்சாமிதான். ஜூன் கடைசியில் ஏலத்தில் கேட்டார். என் வங்கிக் கணக்கில் பணம் கட்டினார். இணையத்தில் அவர் பெயருக்கு நேரே இருந்தது அருள்புரம் விலாசம். அதையே எழுதி அனுப்பினேன். ஆகவே போன மாதம் அவர் நல்லபடியாக இருந்திருக்கிறார். வியாபாரத்துக்கு அப்பாற்பட்டு இதைச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தைப் படித்தபோது நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள விரும்புவது இதைத்தான் என்று தோன்றியது.

பொட்டலத்தை வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வந்தால் நானும் கட்டித்தான் எடுக்கவேண்டும்.

தங்கள் உண்மையுள்ள,
ச. அந்தோணிராஜ்


அருள்புரம்,
17.7.2007

ஐயா,

உங்கள் கடிதத்தைக் கம்பெனி கேட் அருகில் வைத்துப் படித்தேன். 'நல்லபடியாக இருந்திருக்கிறார்' என்ற இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். கூட வந்தவர்கள் தண்ணீர் கொடுத்தார்கள். அன்றைக்கே பாதி நாள் லீவு சொல்லித் தபால் ஆபீசுக்குப் போய்க் கட்டி வாங்கிவிட்டேன். தபால்தலைக்கு நன்றி. அதில் ஒன்றைத்தான் இந்த உறையில் ஒட்டியிருக்கிறேன்.

ஆனால் ஐயா, உள்ளே இருந்த பொருளைப் பார்த்து எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கத்தரி. அதுவும் பெரிய தையல் கத்தரி. வெளிநாட்டுச் சாமான் என்று தெரிகிறது, கைப்பிடி வழவழப்பாக இருக்கிறது. என் வீட்டுக்காரர் கட்டிங் மாஸ்டர். கம்பெனியில் துணியை அடுக்கடுக்காகப் போட்டு மெஷினில் வெட்டுகிறவர். அவருக்குக் கத்தரி எதற்கு? என் மகள் கிருத்திகா பழைய பனியன் ஒன்றை எடுத்து வந்து வெட்டிப் பார்த்தாள். வெட்டவில்லை. துணி இரண்டு அலகுக்கும் நடுவில் மடிந்து நுழைந்துகொள்கிறது. நானும் வெட்டிப் பார்த்தேன். அதே கதைதான்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், வெட்டாத கத்தரியைத் தெரியாமல் அனுப்பிவிட்டீர்களா? அவரை ஏமாற்றிவிட்டீர்களா என்றும் ஒரு நினைப்பு வந்தது. மறைக்காமல் சொல்கிறேன்.

கிருத்திகா சொல்கிறாள், அப்பா கம்பெனி ஆபீஸ் கம்ப்யூட்டரில் இதற்கு முன்னால் அவளுக்கு ஒரு கால்குலேட்டர் வாங்கிக் கொடுத்தார் என்று. அப்போது கொடுத்த விலாசமாக இருக்கும் என்கிறாள். அவர் ஏன் போனார் என்று நீங்கள் கேட்கவில்லை. கம்பெனியில் ஒரு விபத்து. மெஷினில் ஒரு ஹெல்ப்பருக்குக் கையில் அடிபட்டுவிட்டது. அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் யாரோடும் பேசவில்லை. ஒரு வாரம் கழித்து மகளிடம், "வெளியூர்ல வேலையிருக்குது கண்ணு, போயிட்டு வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான்.

இந்த மூன்று மாதமும் சோறு வடிக்கும்போதெல்லாம் அவர் எங்கே என்ன தின்கிறாரோ என்று நினைத்தேன். அவர் எங்கேயோ உட்கார்ந்து கத்தரி பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். சந்தோஷப்படுவதா, அழுவதா, எது என்று தெரியவில்லை. அவர் எங்கிருந்து எழுதினார் என்று உங்களுக்குத் தெரியுமா?

பூவாத்தாள்


தூத்துக்குடி,
21.7.2007

அன்புள்ள அம்மா,

ஏமாற்றினேன் என்று எழுதிவிட்டீர்கள். இரண்டு நாள் பதில் எழுதாமல் இருந்தேன். பிறகு உங்கள் நிலையில் என்னை வைத்துப் பார்த்தேன்.

அந்தக் கத்தரி நன்றாக வெட்டும். நீங்களும் உங்கள் மகளும் வலது கையில் பிடித்திருப்பீர்கள். அது இடது கைக்காரர்களுக்கென்றே செய்தது. அலகுகள் மாறி இருக்கும். வலது கையில் பிடித்து அழுத்தினால் அலகுகள் விலகிக்கொடுத்துத் துணி நடுவில் மடிந்துவிடும். இடது கையில் பிடித்தால் வெண்ணெய் மாதிரி போகும். நான் பிறவியிலேயே இடது கைக்காரன். கப்பலில் வந்த ஒரு மாலுமி உடுப்பு தைத்துக்கொண்டு, கூலியோடு சேர்த்து இதைக் கொடுத்துவிட்டுப் போனான். நம் ஊரில் இது சுலபத்தில் கிடைக்காது.

விளம்பரத்தில் இடது கை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன். உங்கள் வீட்டுக்காரரும் அதைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டார். வலது கை உதவி இல்லாமலே பிடிக்க முடியுமா, வலுவில்லாத கைக்குக் கனமாக இருக்குமா என்றெல்லாம் கேட்டு எழுதினார். அவர் இடது கைக்காரர் என்றே நினைத்திருந்தேன். இல்லையா?

இன்னொன்று சொல்லவேண்டும். அவர் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்புவார். என் கண்ணுக்கு அதைப் படிப்பது பெரிய பாடு. உங்கள் கடிதம் வந்த பிறகு பழைய மெயில்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடைசி மெயிலில் 'சென்னிமலைக்கு அனுப்பவும்' என்று ஒரு வரி இருக்கிறது. அதை அப்போதே பார்த்தேன். ஈரோட்டுப் பக்கம் முருகன் கோயில் மலை இருக்கிற ஊர்தானே அது? தெருவோ கதவு எண்ணோ இல்லாமல் வெறும் ஊர்ப் பெயருக்கு எப்படி அனுப்புவது என்று, பதிந்திருந்த வீட்டு விலாசத்துக்கே போட்டுவிட்டேன்.

ஒருவேளை அவர் இருப்பது அந்த ஊராக இருக்கலாம். விசாரித்து அவருக்கு ஒரு மெயில் போட்டிருக்கிறேன். பதில் இல்லை. அவரது மெயில் விலாசத்தை அவரைக் கேட்காமல் தருவது சரியல்ல என்று நினைக்கிறேன். தையல்காரன் ஒருவர் உடம்பின் அளவை இன்னொருவரிடம் சொல்லமாட்டான். அந்தப் பழக்கம்.

அந்தோணிராஜ்


அருள்புரம்,
25.7.2007

ஐயா,

அவர் இடது கைக்காரர் இல்லை. எங்கள் வீட்டில் யாரும் இல்லை. அப்படியானால் யாருக்கு? சென்னிமலையில் யார் இருக்கிறார்கள்? இடது கையால் துணி வெட்டுகிற ஒருத்தி அங்கே இருக்கிறாளோ என்று மனம் போன போக்கில் போய்விட்டது. அதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு சென்னிமலைக்குப் போனேன். ஒரு ஊரில் ஒரு ஆளை எப்படித் தேடுவது? போர்வை நெய்கிற இடங்களில் கேட்டோம், கடைவீதியில் கேட்டோம். கிருத்திகா அவருடைய போட்டோவைக் கொண்டுவந்திருந்தாள். ஒருவர் உற்றுப் பார்த்துவிட்டு, "இவரா, போன வாரம் கூடப் பார்த்தனுங்களே" என்றார். ஓட்டமும் நடையுமாக அவர் பின்னால் போனோம். அவர் காட்டியது வேறு யாரோ ஒரு பெரியவரை. படியேறிக் கும்பிட்டுவிட்டு வந்தோம். என்ன வேண்டிக்கொள்வதென்றே தெரியவில்லை. கிடைத்தால் நல்லதா, அங்கே கிடைக்காமல் இருந்தால் நல்லதா?

இதுவரை எழுதி வைத்திருந்தேன். அனுப்பவில்லை. இன்றைக்குக் கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறேன்.

டீ நேரத்தில் சூப்பர்வைசர் ஜெயபாண்டி, டீ கொண்டுவரும் பெண்ணைப் பார்த்து, "ஏம்மா, நம்ம சென்னிமலைக்கு ஒரு டீ குடு. எம்புட்டு நேரமா உக்காந்துருக்கான்" என்றார். அவர் மதுரைப் பக்கத்துக்காரர், சத்தமாகத்தான் பேசுவார். நான் திரும்பிப் பார்த்தேன்.

ஐயா, சென்னிமலை ஊர் இல்லை. ஆள். கையில் அடிபட்டது என்று எழுதினேனே, அந்த ஹெல்ப்பர் பெயர் சென்னிமலை. இன்சூரன்ஸ் காகிதத்தில் கையெழுத்து வாங்குவதற்காக ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருந்தார். வலது கையில் இரண்டு விரல் இல்லை. டீ டம்ளரை இடது கையால் வாங்கினார்.

எனக்கு அவரைத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தவள் நான். இருந்தும் மலையைத்தான் நினைத்தேனே தவிர, மனிதரை நினைக்கவில்லை.

அவர் என் வீட்டுக்காரரிடம் வேலை பழகிக்கொண்டிருந்தவர். மெஷினுக்கு எதிர்ப்பக்கம் நின்று துணி அடுக்கை வலது கையால் அழுத்திப் பிடிப்பது அவர் வேலை. அந்தக் கையில் இரும்பு வலைக் கிளவுஸ் போட்டிருக்க வேண்டும். அன்றைக்கு ஷிப்மென்ட் அவசரம். கிளவுஸ் கையில் இல்லை. ஏன் இல்லை என்று யாரும் சரியாகச் சொல்லவில்லை. வேலையாளின் கவனக்குறைவு என்று கம்பெனியில் எழுதி முடித்துவிட்டார்கள். போலீசுக்குப் போகவில்லை. கேஸ் ஒன்றும் இல்லை. இது என் வீட்டுக்காரருக்குத் தெரியுமா என்றுகூட எனக்குத் தெரியாது. கேசுக்குப் பயந்துதான் ஓடினார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் கத்தரியை எடுத்துக்கொண்டு சென்னிமலை வீட்டுக்குப் போனேன். மயில்சாமி அனுப்பியது என்றேன். அவர் கத்தரியைப் பார்த்தார், தொடவில்லை. அவர் மனைவி குழந்தையம்மாள்தான் பேசினாள். "கையப் புடுங்கிட்டுக் கத்திரி குடுத்து உடறாராக்கும் உங்கூட்டுக்காரரு. எடுத்துட்டுப் போயிருங்க அக்கா" என்றாள். எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அவருக்கு எழுதுங்கள் ஐயா. கேஸ் இல்லை, வரச் சொல்லுங்கள். மகள் பத்தாவது படிக்கிறாள் என்று எழுதுங்கள். இல்லை, அது அவருக்கே தெரியும். என்ன எழுதினால் வருவாரோ அதை எழுதுங்கள்.

பூவாத்தாள்


தூத்துக்குடி,
30.7.2007

அன்புள்ள சகோதரி பூவாத்தாளுக்கு,

முதலில் என் மடத்தனத்துக்கு மன்னிப்பு. ஆள் பெயரை ஊர்ப் பெயர் என்று நினைத்து, உங்களையும் ஒரு பெண் பிள்ளையையும் வெயிலில் அலையவைத்துவிட்டேன். எங்கள் பக்கம் மனிதர்களுக்கு அந்தப் பெயர் கிடையாது.

உங்கள் வீட்டுக்காரருக்கு எழுதினேன். இந்த முறை பதில் வந்தது. கேஸ் இல்லை என்பது அவருக்கு முன்பே தெரியும் போலிருக்கிறது. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சென்னிமலையின் விலாசத்தை அவர் எழுதி அனுப்புவதற்குள் நான் பொட்டலத்தைப் போட்டுவிட்டேனாம்; கத்தரி வீட்டுக்குப் போனது தெரிந்து மிகவும் வருத்தப்பட்டார். அது தன்னிடமிருந்து வந்தது என்று சென்னிமலைக்குத் தெரியக்கூடாது என்றுதான் நினைத்திருந்தாராம். தான் இருக்கும் இடத்தை எனக்கு எழுதிவிட்டு, அதை உங்களுக்குச் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நான் சரி என்று எழுதிவிட்டேன். எழுதிய பிறகுதான் உங்கள் முகம் தெரியாவிட்டாலும் உங்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று தோன்றியது.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சென்னிமலை கத்தரியை வாங்கிக்கொண்டாரா என்று கேட்டார். வாங்கிக்கொண்டார் என்று ஒரு பொய் எழுதியிருக்கலாம். உங்கள் கடிதம் பக்கத்தில் கிடந்தது. அதை வைத்துக்கொண்டு பொய் எழுத வரவில்லை. வாங்கவில்லை என்று எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

நான் செய்தது சரியா, தவறா? உங்கள் குடும்பத்துக்குள் நான் எப்படி வந்தேன் என்றே எனக்குப் புரியவில்லை. ஒரு கத்தரி விற்கப் போனேன்.

அந்தோணிராஜ்


அருள்புரம்,
4.8.2007

ஐயா,

உங்கள் மேல் கோபம் வந்தது. மறைக்கவில்லை. வாங்கவில்லை என்று ஏன் எழுதினீர்கள்? இருக்கிற இடம் தெரிந்தும் எனக்குச் சொல்லமாட்டேன் என்கிறீர்கள். அந்த மனுஷனிடம் மட்டும் எல்லாவற்றையும் சொல்கிறீர்கள். அவர் இனி அந்த இடத்திலிருந்தும் போய்விட்டால் நான் யாருக்குக் கடிதம் எழுதுவேன்? கிருத்திகா, "அந்தத் தாத்தா பொய் சொல்லாம இருந்தது நல்லதுதானம்மா" என்கிறாள். நல்லதா என்று எனக்குத் தெரியவில்லை.

நேற்று ஒன்று நடந்தது. சென்னிமலை தானாகவே எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, "அக்கா, அந்தக் கத்திரி இருக்குதுங்களா" என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். இடது கையில் மாட்டிப் பார்த்தார். பழைய லுங்கி ஒன்றைக் கொடுத்தேன், வெட்டினார். வெட்டியது. ஆனால் கோடு நேராகப் போகவில்லை, பாம்பு போவது மாதிரி போனது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. விபத்துக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "மாஸ்டர் எங்க இருக்கறாருங்க" என்று கேட்டார். தெரியாது, தூத்துக்குடியில் ஒரு பெரியவருக்கு மட்டும் தெரியும், அவர் சொல்லமாட்டேன் என்கிறார் என்றேன். "அவருகிட்டச் சொல்லுங்க. நான் சண்டைக்குப் போகலீங்க. மாஸ்டர்கிட்ட ஒரு கேள்வி கேக்கோணும். அவரத் தவிர வேற யாருக்கும் அதுக்குப் பதில் தெரியாதுங்க" என்றார். என்ன கேள்வி என்று கேட்டேன். சொல்லவில்லை. "நாலு மாசமா அதையேதான் யோசிச்சிட்டிருக்கறேன்" என்று மட்டும் சொன்னார்.

நான் உங்களைக் கெஞ்சவில்லை. அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது சரி என்று படுகிறதோ அதைச் செய்யுங்கள்.

பூவாத்தாள்


தூத்துக்குடி,
8.8.2007

சகோதரிக்கு,

காங்கேயம். பஸ் ஸ்டாண்டிலிருந்து தாராபுரம் ரோட்டில் போனால் ஒரு தேங்காய் எண்ணெய் மில் வருமாம். அதன் பின்னால் கொப்பரை காயப்போடுகிற களத்தில் வேலை செய்கிறார். களத்து அறையிலேயே தங்கல். மெயில் பார்ப்பது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரிலாம்.

உங்கள் கடிதம் வந்த அன்றே அவருக்கு எழுதிச் சம்மதம் கேட்டேன். பதில் இல்லை. சொல்லமாட்டேன் என்று கொடுத்த வாக்கை மீறுகிறேன். நீங்கள் கேட்டபோது மீறவில்லை. அதற்காக என்னைத் திட்டுங்கள். ஆனால் கை போனவர் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன் என்று சொன்ன பிறகு என்னால் மூடிவைத்துக்கொண்டு உட்கார முடியவில்லை.

அவர் இன்னும் அங்கேயே இருப்பார் என்று நம்புகிறேன். என்ன ஆனது என்று எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

அந்தோணிராஜ்


அருள்புரம்,
22.8.2007

அந்தோணிராஜ் ஐயா அவர்களுக்கு,

உடனே எழுத முடியவில்லை. எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல் தள்ளிக்கொண்டே போய்விட்டது.

காங்கேயம் என்று படித்ததும் எனக்கு முதலில் வந்தது ஆத்திரம்தான். லூதியானா, பம்பாய் என்று நான் நினைத்துப் பயந்துகொண்டிருந்த நாளெல்லாம் அவர் பஸ் ஏறினால் வந்துவிடுகிற தூரத்தில் இருந்திருக்கிறார். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாடு பார்க்க அந்த ஊருக்குத்தான் போய் வருவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நானும் சென்னிமலையும் போனோம். மகளைக் கூட்டிப்போகவில்லை. மில்லுக்குப் பின்னால் பெரிய களம், கண்ணுக்கு எட்டிய தூரம் கொப்பரை காய்கிறது. நடுவில் ஒருவர் பலகை வைத்துக் கிளறிக்கொண்டிருந்தார். முதுகைப் பார்த்தே தெரிந்துவிட்டது. மெலிந்து கறுத்துவிட்டார். எங்களைப் பார்த்ததும் பலகையைக் கீழே போட்டார். ஓடப் போகிறார் என்றே நினைத்தேன். ஓடவில்லை. வாங்க என்று சொல்லவும் இல்லை. சென்னிமலையின் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

சென்னிமலை கிட்டப் போய், "மாஸ்டர், ஒன்னே ஒன்னு கேக்கோணுங்க" என்றார். "அன்னைக்குக் கிளவுச நானாக் கழட்டுனனா, நீங்க கழட்டச் சொன்னீங்களா? எனக்கு ஞாபகமே இல்லீங்க. எத்தன யோசிச்சாலும் ரத்தம்தான் வருது. அதுக்கு முந்தி என்ன நடந்துச்சுன்னு வரவே மாட்டீங்குது."

ஐயா, நாங்கள் எல்லோரும் சென்னிமலை ஏதோ மறைக்கிறார் என்று நினைத்தோம். அவருக்கே தெரியாது என்று யாரும் நினைக்கவில்லை.

என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கவில்லை. "நாந்தான் சொன்னேன் சாமி" என்றார். "கிளவுசு கம்பி பட்டுத் துணியில நூல் இழுக்குது, கழட்டிருன்னு சொன்னேன். மொத தடவ சொன்னப்ப நீ கழட்டல. 'வேண்டாங்க மாஸ்டர்'ன்னு சொன்னே. நான் சத்தம் போட்டு ரெண்டாந் தடவ சொன்னேன்."

சென்னிமலை அப்படியே கொப்பரை மேல் உட்கார்ந்துவிட்டார். "வேண்டாமுன்னு சொன்னனா" என்று கேட்டார். "சொன்னே" என்றார் இவர். "வேண்டாமுன்னு சொல்லியிருக்கறேன்" என்று தனக்குத்தானே இன்னொரு தடவை சொல்லிக்கொண்டார். பிறகு, "கம்பெனியில எம்மேல தப்புன்னு எழுதியிருக்கறாங்க. வெளிய உங்களத் திட்டுனாலும் ஊட்டுக்குள்ள அவளும் அதையேதான் சொல்லுவா. நானும் அப்படித்தான்னு நெனச்சிட்டிருந்தனுங்க. இத எங்கூட்டுல வந்து ஒருக்காச் சொல்லிருங்க மாஸ்டர். வேறொன்னும் வேண்டாம்" என்றார்.

என் வீட்டுக்காரர் களத்து அறைக்குப் போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். எங்களோடு பஸ் ஏறினார்.

எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நேராகச் சென்னிமலை வீட்டுக்குத்தான் போனோம். குழந்தையம்மாள் முன்னால் நின்று, களத்தில் சொன்னதை ஒரு சொல் குறைக்காமல் சொன்னார். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தோம். அவள் இவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் புருஷனைத்தான் பார்த்தாள். "உன்னைய என்னென்ன பேச்சுப் பேசிட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள், நாங்கள் கிளம்பும் வரை வெளியே வரவில்லை. அழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அடுத்த நாள் கம்பெனிக்குப் போய் மேனேஜரிடம் சொன்னார். முடிந்துபோன விஷயத்தைக் கிளறாதே என்றார்களாம். எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார். இனி அங்கே இவருக்கு வேலை இல்லை. சென்னிமலை மேல் தப்பில்லை என்று திருத்தி எழுதுவார்களா என்பதும் தெரியவில்லை. பார்க்கலாம் என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சென்னிமலையைச் சாம்பிள் செக்‌ஷனில் உட்கார வைத்திருக்கிறார்கள். அங்கே ஒன்றிரண்டு பீஸ்களைக் கத்தரியால்தான் வெட்டுவார்கள். உங்கள் கத்தரியைத்தான் கொண்டுபோகிறார், கோடு இன்னும் கொஞ்சம் கோணுகிறது. நீங்கள் எப்படிப் பிடிப்பீர்கள் என்று படம் போட்டு அனுப்ப முடியுமா என்று கேட்கச் சொன்னார்.

நீங்கள் வாக்கை மீறியதில் இவருக்கு வருத்தமில்லை. இவர் இப்போது வீட்டில்தான் இருக்கிறார். கிருத்திகா முதல் நாள் அப்பாவோடு பேசவில்லை. மறுநாள் கணக்கு ஒன்றைக் கேட்டாள், இவருக்குத் தெரியவில்லை, இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து போட்டார்கள். நான் சோறு போடுகிறேன். சாப்பிடுகிறார். நேற்று தட்டைக் கழுவி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். "எம்மேல கோவமா இருக்கறியா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அந்தக் களத்தில் உண்மையைச் சொன்னபோது அவரைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. அதே நேரத்தில், நாலு மாதம் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று அடிக்கவேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் இன்னும் அப்படியே இருக்கின்றன.

"தெரியலீங்க" என்று சொன்னேன். "தெரிஞ்சா சொல்றேன், அதுவரைக்கும் இங்கயே இருங்க" என்றேன்.

சரி என்று தலையை ஆட்டினார்.

பூவாத்தாள்